சூடு காட்டாமல் வெட்டிய இரும்பு

வெள்ளவத்தை
4 யூன் 1997

அன்புள்ள ஹெக்டருக்கு,

நாங்கள் இருவரும் பிரிந்து பதினொரு வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன். கொட்டாஞ்சேனை விலாசம் மாறவில்லை என்று நம்புகிறேன். இந்த விஷயத்தைப் போனில் கதைக்க வேண்டாம் என்று லோயர் சொல்லிவிட்டார். நேரில் வந்தால் வாசலிலேயே சண்டை தொடங்கிவிடும் என்று எனக்கே தெரியும். ஆகவே கடிதம்.

தம்பி சுந்தரலிங்கத்தைப் போன மாதம் 28ஆம் திகதி பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் இருக்கிற லொட்ஜைச் சுற்றிவளைத்து, இருந்த எல்லோரையும் ட்ரக்கில் ஏற்றினார்கள். அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் சரியாக இருந்தவர்கள் பின்னேரம் வந்துவிட்டார்கள். அவனுடையதும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவனுடைய கட்டிலுக்குக் கீழே அப்பாவின் இரும்பு இருந்தது.

எந்த இரும்பு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1984இல் அப்பா முள்ளியவளைத் தபாற்கந்தோரில் லீவு எடுத்துக்கொண்டு, விடியற்காலையில் வானத்திலிருந்து விழுந்தது என்று சொல்லி, குளத்துத் தரையில் பொறுக்கிய இரண்டு துண்டுகளை உங்களிடம் கொண்டுவந்தார். சின்னதை நீங்கள் வேலை செய்கிற இரும்பு வார்ப்புப் பவுண்டரியில் வெட்டிப் பார்த்தீர்கள். பெரியதை அவர் திரும்ப எடுத்துக்கொண்டார். அது பிறகு தம்பியிடம் வந்தது. ரியூசன் வகுப்பில் வெப்பம் படிப்பிக்கிற நாளில் அதைப் பிள்ளைகளின் கையில் கொடுப்பான்.

அதை மட்டும் கண்டிருந்தால் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பான். அதோடு ஒரு கடிதமும் இருந்தது. உங்கள் பவுண்டரியின் தலைப்புத் தாளில், நீங்கள் கையெழுத்து வைத்து, ஆங்கிலத்தில் எழுதியது. ‘இது மனிதன் செய்த உருக்கு. நெருப்பில் இருந்த உருக்கு. வெடித்துச் சிதறிய ஏதோ கொதிகலனின் துண்டாக இருக்கலாம். இரண்டும் ஒரே இனம்.’ வெடித்துச் சிதறிய என்ற இடத்தில் யாரோ சிவப்புப் பேனையால் கோடு கீறியிருப்பதை லோயர் கண்டிருக்கிறார். என்ன வெடித்தது, எங்கே வெடித்தது, மிச்சம் எங்கே என்று அவனிடம் கேட்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்தக் கடிதம் பிழை என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் தாருங்கள். அது விண்கல் என்று எழுதுங்கள்.

சரோஜினிதேவி


கொட்டாஞ்சேனை
11 யூன் 1997

அன்புள்ள சரோ,

கடிதம் கிடைத்தது. தம்பியை நினைத்தால் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவனுக்கு நான் கெடுதல் நினைத்தவன் அல்ல. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மிச்சம் உமக்குப் பிடிக்காது.

நான் கண்டதைத்தான் எழுதினேன். முப்பத்துநாலு வருடமாக இரும்பைப் பார்த்துச் சோறு சாப்பிடுகிறவன் நான். வானத்தில் நெருப்பாய் எரிந்து வருகிற பொருள் முழுதாக உருகித்தான் வரவேண்டும். உருகி ஆறிய இரும்பின் உள்ளே குமிழும் ஓட்டையும் இருக்கும், வார்ப்பு வேலை செய்யும் எவனும் அதைச் சொல்வான். உம்முடைய அப்பாவின் இரும்பில் ஒரு குமிழ் இல்லை. வண்டி அச்சைப்போல் இறுக்கமாக இருந்தது. மேலே மட்டும் கறுப்பாக மெல்லிய ஒரு தோல், பெருவிரலால் அமத்தினதுபோல் பள்ளங்கள். விழுந்து கால் மணித்தியாலத்துக்குள் கையால் தூக்கினாராம், குளிர்ந்து இருந்ததாம். நான் சிரித்தது உண்மைதான். மாமா என்பதற்காகச் சிரிக்காமல் இருக்க முடியுமா?

மெருகேற்றி அமிலமும் பூசிப் பார்த்தேன். விண்ணிரும்பில் பட்டி பட்டியாகக் கோலம் தெரியும் என்று படித்திருந்தேன். கோலம் இல்லை. அவர் கேட்டார், நான் எழுதிக் கொடுத்தேன். அதற்கு ஏதோ அவருடைய பென்ஷனை நிறுத்தினதுபோல் நீங்கள் எல்லோரும் நடந்துகொண்டீர்கள்.

அவருடைய செத்த வீட்டுக்கு வரவில்லை என்று இன்னமும் என்மேல் வைத்திருப்பீர். அந்தக் கிழமை வவுனியாவுக்கு அங்கால் பஸ் ஓடவில்லை.

இப்போது பொய்யாக ஒன்றை எழுதினால், அதைப் பார்க்கிற அடுத்த ஆள் இரும்பை வெட்டிப் பார்ப்பான். கோலம் இருக்காது. அப்போது தம்பியோடு என்னையும் கொண்டுபோவார்கள். அதனால் அவனுக்கு என்ன லாபம்? இன்னொன்றும் உண்டு. பவுண்டரியின் பெயர் கோட்டு வழக்கில் அடிபட்டால் முதலாளி என்னை ஒரு நாளும் வைத்திருக்கமாட்டார்.

நல்ல லோயராகப் பாரும்.

ஹெக்டர்


வெள்ளவத்தை
15 யூன் 1997

ஹெக்டருக்கு,

பஸ் ஓடவில்லைதான். நான் போனேன். லொறியில் போனேன், மிச்சத்தை நடந்தேன். அதை இப்போது விட்டுவிடுவோம்.

நேற்றுத் தம்பியைப் பார்க்க விட்டார்கள். ஐந்து நிமிடம். பக்கத்தில் ஓர் உத்தியோகத்தர் இருந்துகொண்டு, தனக்கு விளங்கும்படி சிங்களத்தில் கதைக்கச் சொன்னார். எனக்குச் சிங்களம் வரும், அவனுக்கு வராது. ஆகவே நான் கதைத்தேன், அவன் தலையாட்டினான். மெலிந்துவிட்டான். இடது கையைத் தூக்குகிறான் இல்லை. என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, கேட்டால் அடுத்த முறை விடமாட்டார்கள். எழும்புகிற நேரத்தில் தமிழில் ஒரு வசனம் மட்டும் சொல்ல விடும்படி கெஞ்சினேன். அவர் சரி என்றார். அக்கா எப்படி, வீடு எப்படி என்று ஒன்றும் இல்லை. அவன் சொன்னது இதுதான்:

“அத்தானிட்டக் கேளுங்கோ அக்கா, வெட்டுறதுக்கு முன்னம் அவர் அதை என்ன செய்தவர் எண்டு.”

எனக்கு இது விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும் என்று அவன் நினைக்கிறான்.

உங்கள் கடிதத்தை அவன் ஏன் வைத்திருந்தான் என்றும் சொல்கிறேன். வகுப்பில் அதை வாசித்துக் காட்டி, ‘இதில் பிழை எங்கே, கண்டுபிடியுங்கோ’ என்று பிள்ளைகளிடம் கேட்பானாம். உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். விளக்குச் சுடருக்குள்ளால் விரலை ஒரு தரம் சட்டென்று இழுத்தால் விரல் வேகுமா என்று கேட்பானாம். வானத்தில் அது எரிவது சில செக்கன்தான், உருகுகிற இரும்பைக் காற்று உடனுக்குடன் சீவி எறிந்துவிடும், சூடு உள்ளே போக நேரம் இல்லை, ஆகவே நடு இரும்பு வெளியில் இருந்த குளிரோடுதான் வந்து விழும். இதை ஓ.எல். எடுக்கிற பிள்ளைகள் எனக்குச் சொன்னார்கள். அப்பா குளிர்ந்தது என்றுதானே சொன்னார். தபாலதிபர் வேலையில் அவர் ஒரு நாளும் கணக்குப் பிழைக்க எழுதினவர் இல்லை.

கேள்விக்குப் பதில் தாருங்கள். சுருக்கமாக இருந்தாலும் பரவாயில்லை. கெதியாகத் தாருங்கள்.

சரோஜினிதேவி


கொட்டாஞ்சேனை
6 யூலை 1997

அன்புள்ள சரோ,

மூன்று கிழமை எடுத்துவிட்டேன். உம்முடைய கடிதத்தை வாசித்த அன்றைக்கே பதில் எனக்குத் தெரியும். அதை எழுதுவதற்குத்தான் மூன்று கிழமை பிடித்தது.

வெட்டுவதற்கு முன் அதைக் காய்ச்சினேன்.

எங்கள் பவுண்டரியில் அது கேள்வி கேட்காமல் செய்கிற வேலை. பழைய இரும்பு எது வந்தாலும், வாள் பிடிக்கட்டும் என்று முதலில் உலையில் போடுவோம். மஞ்சளாகக் காய்ந்து ஒரு பகலும் இரவும் கிடக்கும். பிறகு எடுத்துச் சாம்பலுக்குள் ஆறப் போடுவோம். அடுத்த நாள் வெண்ணெய்போல் வெட்டலாம். இளந்தாரியாக வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து கை அப்படியே பழகிவிட்டது. உம்முடைய அப்பாவின் சின்னத் துண்டையும் அப்படித்தான் செய்தேன். அதை ஒரு வேலை என்றே நான் எண்ணவில்லை. அதனால்தான் கடிதத்திலும் எழுதவில்லை.

தம்பியின் கேள்வியோடு நூல்நிலையத்துக்குப் போய் இரண்டு நாள் இருந்தேன். அந்தக் கோலம் எப்படி வருகிறது என்று இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். எங்கோ ஒரு சிறு கிரகத்தின் வயிற்றுக்குள் நிக்கலும் இரும்பும் கலந்து கிடந்து, பத்து லட்சம் வருடத்துக்குச் சில பாகை என்ற கணக்கில் ஆறும்போது இரண்டும் மெல்லப் பிரிந்து பட்டிகளாகின்றன. மனிதனால் அப்படி ஆற வைக்க முடியாது. ஆனால் அழிக்க முடியும். எங்கள் உலை போதும். வானத்தில் வந்த சூடு இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு மேல் உள்ளே போகவில்லை. கிராண்ட்பாஸ் பவுண்டரியில் நான் கொடுத்த சூடுதான் நடு வரைக்கும் போயிருக்கிறது.

உருகுவதைப் பற்றியும் நான் பாதிதான் பிழை. மிகப் பெரிய இரும்பாக இருந்தால் காற்றால் அதன் வேகத்தைக் குறைக்க முடியாது. அது அந்த வேகத்தோடேயே நிலத்தில் இடிக்கும். இடிக்கிற கணத்தில் பெரும்பகுதி உருகியும் ஆவியாகியும் போய்விடும், மண்ணோடு கலந்து சின்னச் சின்ன மணிகளாகத் தெறிக்கும். பின்பக்கத்திலிருந்து கழன்ற துண்டுகள் மட்டும் தப்பும். சின்னதைக் காற்று மறித்து, வேகத்தைப் பிடுங்கி, மரத்தால் தேங்காய் விழுகிறமாதிரி விழ விடும். மாமாவுடைய துண்டுகள் இரண்டுமே அந்தக் கணக்கில் சின்னவை. அவர் குளிர்ந்தது என்று சொன்னது சரி. நான் சிரித்தது பிழை.

இன்னொன்று இருக்கிறது. இதை எழுதத்தான் கை வரவில்லை. அந்தச் சின்னத் துண்டில் வெட்டிய ஒரு சீவல் என் மேசை லாச்சியில் இன்னமும் கிடக்கிறது. திரும்ப மெருகேற்றி அமிலம் பூசினேன். மங்கலாக, பழைய சுவரில் அழித்த எழுத்துப்போல் சில கோடுகள் தெரிகின்றன. இன்றைக்குத்தான் கண்டேன் என்று உமக்குச் சொல்லலாம். அது பொய். 1984இலும் கண்டேன். அழுக்கு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஏனென்றால் அதற்கு முதல் நாள் சாப்பாட்டு மேசையில், எல்லோருக்கும் முன்னால், இது கொதிகலன் துண்டு என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன்.

பெரிய துண்டுக்கு நான் நெருப்புக் காட்டவில்லை. அது அப்படியே இருக்கிறது. கோட்டில் அனுமதி எடுக்கச் சொல்லும். அவர்கள் கண் முன்னாலேயே, கையால், தண்ணீர் ஊற்றி வெட்டிக் காட்டுகிறேன். பழைய கடிதம் பிழை என்று சத்தியக்கடதாசியும் தருகிறேன். முதலாளியிடம் சொன்னேன். கோட்டுக்குப் போவதானால் முதலில் விலகல் கடிதம் தா என்றார். கொடுத்துவிட்டேன்.

ஹெக்டர்


வெள்ளவத்தை
12 யூலை 1997

ஹெக்டருக்கு,

கடிதம் பத்தாம் திகதி கிடைத்தது. இரண்டு தரம் வாசித்தேன். அதைப் பற்றி இப்போது ஒன்றும் எழுதமாட்டேன், ஏனென்றால் எழுதினால் நிறுத்தமாட்டேன். அந்தக் கோடுகளைப் பற்றி நீங்கள் அன்றைக்கே ஒரு வரி எழுதியிருந்தால் அப்பா கடைசி இரண்டு வருடமும் ஊரில் தலை நிமிர்ந்து நடந்திருப்பார். இது மட்டும் போதும்.

லோயர் நேற்றே மனுப் போட்டு அனுமதி எடுத்துவிட்டார். யூலை 24, காலை ஒன்பது மணி, கோட்டின் ஆவண அறையில். அரசாங்கத் தரப்பில் உலோகம் தெரிந்த ஒருவரும் வருவாராம். லோயரின் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அது இல்லாமல் அமிலப் போத்தலோடு வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டாம். கொட்டாஞ்சேனையிலிருந்து அங்கே வருவதற்குள் நாலு செக் பொயின்ட். விண்கல்லுக்கு என்று சொன்னால் சிரிப்பார்கள், பிறகு சிரிக்கமாட்டார்கள்.

தம்பியைப் பார்க்க மூன்று கிழமையாக விடுகிறார்கள் இல்லை. ஏன் என்று கேட்டால் விசாரணை முடிகிறது என்கிறார்கள். நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியவில்லை. எனக்கு நித்திரை இல்லை.

சரோஜினிதேவி


கொட்டாஞ்சேனை
25 யூலை 1997

அன்புள்ள சரோ,

நேற்று நான் வெளியே வந்தபோது நீர் இல்லை. வாசல் மரத்தடியில் நிற்பதாகத்தான் லோயரிடம் சொல்லி அனுப்பினீர். அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். நடந்ததை லோயர் சொல்லியிருப்பார், ஆனாலும் நான் எழுத வேண்டும்.

ஒன்பதரைக்குத் தொடங்கினேன். ஒரு மூலையைத்தான் வெட்டுவது என்று தீர்மானித்தார்கள். மேசையில் மரக்கட்டை வைத்து, சாக்குச் சுற்றி, இறுக்கிப் பிடித்துக்கொண்டு சாதாரண இரும்பு வாளால் அறுத்தேன். ஒரு சார்ஜன்ட் யோகட் கோப்பையால் தண்ணீர் ஊற்றினார். முதலில் அவர் என்னைப் பார்த்த பார்வையில் நானும் கைதி என்றுதான் நினைத்தேன். ஒரு மணிக்கு வாள் வழுக்கத் தொடங்கிவிட்டது. அவர் வாளை வாங்கித் தானே அறுத்தார். ஒன்பது அலகு முறிந்தது. மூலை கழன்று விழுந்தபோது தொட்டுப் பார்த்தோம், சூடு இல்லை. அது எனக்கு முக்கியமாக இருந்தது.

எமரிப் பேப்பரில் ஒரு மணித்தியாலம் தேய்த்தேன். கண்ணாடிபோல் வந்தது, ஒன்றும் தெரியவில்லை. அரசாங்கத் தரப்பில் வந்தவர் மணிக்கூட்டைப் பார்த்தார். நிக்கல் உண்டு என்பதை நான் சோதித்துக் காட்டியபோது, ஷெல் குண்டின் வெளிக்கோதிலும் நிக்கல் போடுவார்கள் என்று அவர் நியாயமாகத்தான் சொன்னார். பிறகு ஸ்பிரிட்டில் கலந்த நைத்திரிக்கமிலத்தைப் பஞ்சால் தடவினேன். முதலில் மங்கியது. இருபது செக்கன் இருக்கும். ஒரு பட்டி தெரிந்தது, அதை வெட்டி இன்னொரு பட்டி, பிறகு வெட்டுமுகம் முழுவதும் பாய் பின்னினதுபோல் வந்துவிட்டது. விளிம்பில் மட்டும் மூன்று மில்லிமீற்றர் அளவுக்குக் கோலம் இல்லை. வானத்துச் சூடு தின்றது அவ்வளவுதான்.

இதை யார் கீறியது என்று சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார்.

“கவுருவத் நே, மாத்தயா,” என்றேன். ஒருவரும் இல்லை ஐயா.

அரசாங்கத் தரப்பு ஆள் பூதக்கண்ணாடி வில்லையால் நெடுநேரம் பார்த்தார். இது மனிதன் செய்தது அல்ல என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அதற்குக் கீழே நானும் வைத்தேன். என் பழைய கடிதத்தைப் பக்கத்தில் வைத்து, இதை எழுதியவன் பிழை விட்டான், அவன் நான்தான் என்றும் எழுதினேன். சரோ, எனக்கு அழுகை வந்தது. மாமா இருந்திருக்க வேண்டும்.

என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கிறேன். இதுவரை கேட்கவில்லை என்பது தெரியும். தம்பி எப்போது வருகிறான்? எந்த நாள் என்று சொன்னால் நானும் வந்து நிற்கிறேன்.

ஹெக்டர்


வெள்ளவத்தை
2 ஓகஸ்ட் 1997

ஹெக்டருக்கு,

அன்றைக்கு நான் மரத்தடியில்தான் நின்றேன். பதினொரு மணிக்கு லோயர் வந்து சொன்ன செய்தியோடு அங்கே நிற்க முடியவில்லை. நீங்கள் உள்ளே அறுத்துக்கொண்டிருக்கிற சத்தம் யன்னலால் கேட்டது. நான் றோட்டைக் கடந்து பஸ் ஏறிவிட்டேன்.

தம்பி ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்திருக்கிறான். நாலு பக்கம், சிங்களத்தில். அவனுக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. அந்த இரும்பு வன்னியில் செய்த ஷெல் ஒன்றின் கோது, காட்டுவதற்காகக் கொழும்புக்குக் கொண்டுவந்தேன் என்று அதில் இருக்கிறது. திகதி யூலை ஒன்று. உங்கள் கடிதத்தின் திகதி யூலை ஆறு.

யூன் முடியும் வரைக்கும் அவன் மறுத்துக்கொண்டிருந்தானாம். ‘அத்தான் எழுதித் தருவார், அத்தான் எழுதித் தருவார்’ என்று சொல்லிக்கொண்டிருந்தானாம். கூட இருந்து விடுபட்ட ஒருவர் வந்து சொன்னார். உங்களை நோகச் செய்ய இதை எழுதவில்லை என்று சொன்னால் அது பொய். நோகத்தான் வேண்டும். எனக்கும் நோகிறது. நான் முதல் கடிதத்திலேயே உங்களுடன் சண்டை பிடிக்காமல், ‘என்ன செய்தீர்கள்’ என்று கேட்டிருக்கலாம்.

நேற்று வழக்குக் கூப்பிட்டார்கள். நீதவான் உங்கள் இருவருடைய அறிக்கையையும் வாசித்து ஏற்றுக்கொண்டார். இரும்பு சான்றுப் பொருள் அல்ல, உரியவரிடம் கொடுக்கலாம் என்று கட்டளை போட்டார். வாக்குமூலம் இருக்கிறபடியால் தம்பியை மறியல் சிறையில் வைக்கச் சொன்னார். மேல் நீதிமன்றத்துக்குப் போகுமாம். ஆகவே இரும்பை விட்டுவிட்டார்கள். தம்பியை விடவில்லை. கையெழுத்து வைத்து அதை வாங்கிக்கொண்டு 100ஆம் நம்பர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். செக் பொயின்ட்டில் கோட்டுத் துண்டைக் காட்டினேன், பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

லோயர் கை விடவில்லை. வாக்குமூலம் முழுவதும் அந்த இரும்பின் மேல்தான் நிற்கிறது, இரும்பைப் பற்றி அதில் இருப்பது நடக்கவே முடியாத விஷயம், ஆகவே அது அவனுடைய வாயிலிருந்து வந்ததே அல்ல என்று வாதாடலாம் என்கிறார். அதற்கு நீங்கள் வேண்டும். அரசாங்கத் தரப்பு ஆள் வெளிநாடு போகிறாராம், திரும்புவாரோ தெரியாது. நெருப்புக் காட்டினவரும் காட்டாமல் வெட்டினவரும் நீங்கள் ஒருவர்தான். உங்களைக் குறுக்கு விசாரணையில் போட்டு வாட்டுவார்கள். 1984இல் ஏன் மறைத்தீர்கள் என்று ஆட்களுக்கு முன்னால் கேட்பார்கள். இங்கே எழுதினதை அங்கேயும் அப்படியே சொல்ல வேண்டும்.

மன்னிப்புக் கேட்டிருந்தீர்கள். என்னிடம் இப்போது இல்லை. இருந்தாலும் அது என்னுடையது அல்ல. தம்பி வெளியே வருகிற அன்றைக்கு வாசலில் வந்து நின்று அவனிடம் கேளுங்கள்.

முதல் தவணை செப்டெம்பர் ஒன்பது. அதற்குப் பிறகு எத்தனை என்று ஒருவருக்கும் தெரியாது. நாலு வருடம், ஐந்து வருடம் போகலாம் என்கிறார் லோயர். உங்களுக்கு இந்த மார்கழியோடு ஐம்பத்தொன்பது. நீங்கள் இருக்க வேண்டும் ஹெக்டர், கடைசித் தவணை வரைக்கும் இருக்க வேண்டும். சிகரெட்டை விடுங்கள்.

சரோ